ஆடியோகிராம் நார்மல், ஆனா பேச்சு மட்டும் புரியல

"சத்தம் காதுல விழுது மேடம், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." ஆடியாலஜிஸ்டா, அதாவது காது எப்படி கேக்குதுன்னு டெஸ்ட் பண்றவளா இருக்குற எனக்கு இதைக் கேக்காம ஒரு வாரம் ஓடாது. கூட வந்த மருமகளோ பையனோ உடனே "அவருக்கு வேணும்கிறது மட்டும் நல்லா கேக்கும்"னு ஒரு போடு போடுவாங்க பாருங்க, பாவம் அந்த மனுஷன் மூஞ்சி சுருங்கிடும்.

ஆடியோகிராம்ங்கற வழக்கமான காது டெஸ்ட் நார்மலா இருந்தும் இப்படி ஆகலாம், ஏன்னா காது பண்றது பாதி வேலைதான். உள்காதுல இருக்குற முடி செல்லுங்க அதிர்வை மின் சிக்னலா மாத்தி நரம்புல ஏத்தி விடும், அது மூளைத்தண்டுல அங்கங்க நின்னு மூளைக்கு நடுவுல இருக்குற தலாமஸ் தாண்டி, ரெண்டு பக்கமும் காதுக்கு மேல மடிப்புக்குள்ள ஒளிஞ்சு கிடக்குற ஆடிட்டரி கார்டெக்ஸுக்கு, அதாவது மூளையில சத்தத்தைப் புரிஞ்சுக்குற பகுதிக்குப் போகும். சத்தம் எவ்ளோ பெருசுங்கறத விட அது எப்ப ஆரம்பிச்சுது, எப்ப நின்னுதுங்கறதுதான் பேச்சுக்கு ரொம்ப முக்கியம்.

"படம்", "பட்டம்" ரெண்டையும் மெதுவா சொல்லிப் பாருங்க. படத்துல நாக்கு மேல லேசா தட்டிட்டு இறங்கிடுது. பட்டத்துல அங்கயே ஒட்டி நிக்குது, அந்த நேரம் வாயில இருந்து ஒண்ணுமே வெளிய வரல, சுத்தமான அமைதி, ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல வரும். அந்த அமைதிதான் முக்கியமான அடையாளம்! சத்தம் தொடங்கின உடனே கார்டெக்ஸ்ல நிறைய நரம்பு செல்லுங்க ஒரே நேரத்துல சிக்னல் விடணும், அது முன்ன பின்ன ஆச்சுன்னா இடைவெளி மங்கிப்போய் ரெண்டு வார்த்தையும் ஒண்ணு மாதிரி ஆயிடும்.

இதைப் பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு. ஹெட்ஃபோன்ல "உஸ்ஸ்"னு இரைச்சல் ஓடும், நடுவுல துளியூண்டு இடைவெளி வரும், தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். நல்லா இருக்குற இளவயசுக்காரங்க 5 மில்லிசெகண்ட் அளவு இடைவெளியக்கூட பிடிச்சிடுவாங்க, வயசு ஏற ஏற அதை விடப் பெரிய இடைவெளி தேவைப்படும். ஆடியோகிராம் இதையெல்லாம் கேக்குறதே இல்ல, அமைதியான ரூம்ல ஒரு "கூ" சத்தம் விழுதா இல்லையான்னு மட்டும்தான் கேக்கும். அதனாலதான் ரிப்போர்ட் நார்மல்னு வருது, ஆனா கல்யாண மண்டபத்துல மேளமும் பேச்சும் கலந்து அந்த குட்டி அமைதிங்கள மூடிடுறப்ப ஆளு திணறிப் போறாரு.

ஸ்ட்ரோக்ல ஒரு பக்க கார்டெக்ஸ் போனாலும் காது செவிடாகாது, ஏன்னா ஒவ்வொரு காதும் ரெண்டு பக்கத்துக்கும் சிக்னல் அனுப்புது. ரெண்டு பக்கமும் அடிபட்டா, அபூர்வம்தான், சத்தமெல்லாம் கேக்கும், சொந்த மொழியே தெரியாத மொழி மாதிரி ஆயிடும்.

வீட்ல உள்ளவங்க பண்றது என்னன்னா, கத்துறது. கத்துனா உயிரெழுத்துதான் பெருசாகும், க, ட, ப எல்லாம் அதுக்குள்ள அமுங்கிடும். டிவிய அணைச்சுட்டு முகத்தைப் பாத்து, வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க. ஹியரிங் எய்ட் சத்தத்தைக் கூட்டித் தரும், டைமிங்க சரி பண்ணாது, அதுக்காக ரெண்டே நாள்ல கழட்டி பீரோல வைக்காதீங்க, மூளை பழக சில வாரமாவது ஆகும்.

கைக்குழந்தை விஷயம் இன்னும் அவசரம். பிறந்தப்ப மஞ்சள் காமாலை ரொம்ப ஏறி இருந்தா முடி செல்லுங்க நல்லா இருந்தும் நரம்போட டைமிங் சிதறிப் போகலாம். அப்ப முடி செல்லுங்கள மட்டும் பாக்குற ஓஏஇ டெஸ்ட்ல பாஸ்னு வரும், நரம்புல சிக்னல் மூளைத்தண்டு வரைக்கும் சரியாப் போகுதான்னு பாக்குற பெரா டெஸ்ட் எடுத்தாத்தான் மாட்டும். இன்குபேட்டர்ல இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் கேட்டு வாங்குங்க. முதல் மூணு மூணரை வருஷம் சத்தமே போய்ச் சேரலன்னா கார்டெக்ஸ் அதுக்கேத்த மாதிரி வளராது, அதுக்கப்புறம் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) வெச்சாலும் பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"னு பாட்டி சொல்றத நம்பி உக்காந்திருக்காதீங்க.