கதவடியில் வரும் குளிர்காற்றை இழுப்பது எது?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருப்பது நூறு வயதைத் தாண்டிய செங்கல் வரிசை வீடுகளில். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்து வீடுகளில் ஒன்று 1919க்கு முன் கட்டியதுதான். டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த வீடுகளில் ஒரே புகார்: ரேடியேட்டர் சுடுகிறது, ஆனால் ஹாலில் நின்றால் கணுக்கால் விறைக்கிறது. உடனே கடையில் ஸ்பாஞ்சு நாடா ஒரு சுருள் வாங்கி வாசல் கதவைச் சுற்றி ஒட்டுகிறோம். பல வீடுகளில் அது சரியாகப் பலன் தருவதில்லை. ஏன் என்று புரிய, அந்தக் காற்று எதற்காக உள்ளே வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இடுக்கு இருப்பதால் மட்டும் காற்று வந்துவிடாது. அதைத் தள்ளவோ இழுக்கவோ ஓர் அழுத்த வேறுபாடு வேண்டும். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் உள்காற்றின் எடை சுமார் 1.20 கிலோ, வெளிக்காற்றின் எடை 1.29 கிலோ. வித்தியாசம் வெறும் 90 கிராம். ஆனால் கீழ்த்தளமும் மாடியும் சேர்ந்து ஆறு மீட்டர் உயரமுள்ள வீட்டில், இந்தச் சின்ன வித்தியாசம் மொத்தம் 5 பாஸ்கல் அழுத்தமாகச் சேர்ந்துவிடுகிறது. எடை குறைந்த சூடான காற்று மேல்பகுதியில் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பகுதியில் குளிர்காற்று உள்ளே வருகிறது. நடு உயரத்தில் இரண்டும் இல்லாத ஒரு மட்டம் இருக்கும். வாசல் கதவின் அடி அந்த மட்டத்துக்கு வெகு கீழே இருப்பதால் அங்கே இழுப்பு அதிகம், 2 முதல் 3 பாஸ்கல் வரை.

இது அற்பமான அழுத்தம்தான். ஆனால் கதவின் அடியில் 90 செ.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. சந்து இருந்தால் அது 90 சதுர செ.மீ. ஓட்டை. அந்த இழுப்பில் அதன் வழியே மணிக்கு 35 முதல் 40 கன மீட்டர் குளிர்காற்று நுழையும். அதை 20 டிகிரிக்குச் சூடாக்க 270 வாட் போல வேண்டும். அதே குளிர் நாள் முழுக்க நீடித்தால் ஆறரை யூனிட். காற்றே வீசாத அமைதியான நாளின் கணக்கு இது.

உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் எப்போதும் சமம். மேலே வழி அடைபட்டால் கீழே வரத்து தானாகவே குறையும். ஆகவே கதவடியில் நுழையும் குளிரைப் பாதி தீர்மானிப்பது கூரைதான். லாஃப்டுக்கு (கூரைக்கு அடியிலுள்ள பரண் அறைக்கு) ஏறும் மூடி, குளியலறைக் குழாய்கள் போகும் துளைகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைபோக்கி. விக்டோரியா காலத்து வீட்டில் அறைக்கு அறை நிலக்கரி அடுப்பு இருந்தது. அதற்கு ஓயாமல் காற்று வேண்டும்; கதவு இடுக்குகள் அந்தக் காற்றைக் கொடுத்தன. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியது, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, அப்புறம் நிலக்கரி போய் கேஸ் ஹீட்டிங் வந்தது. ஆனால் எத்தனையோ வீடுகளில் புகைபோக்கி திறந்தபடியே நிற்கிறது. ஒன்பது பத்து மீட்டர் உயரக் குழாய் இரவும் பகலும் சூடான காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நெருப்பு மூட்டாத புகைபோக்கிக்குள் ஊதி அடைக்கும் பலூன் ஒன்றை வைத்து, லாஃப்ட் மூடியின் விளிம்பில் ரப்பர் நாடா ஒட்டினாலே ஹாலில் வித்தியாசம் தெரியும். கதவைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள் என்பேன். பலூன் இருப்பதை எழுதி அடுப்பருகே தொங்கவிடுவது அவசியம். தெரியாமல் யாராவது நெருப்பு மூட்டிவிடக் கூடாது.

பலத்த காற்றடிக்கும் நாளில் கதை வேறு. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று முட்டும்போது அழுத்தம் 60 பாஸ்கலைத் தொடும். அப்போது கூரையை அடைத்தது மட்டும் போதாது, கதவையும் கவனித்தாக வேண்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க நம் வீட்டு ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. குளிரான நாளில் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு (உள் அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும்), கதவைச் சுற்றி மெதுவாகப் புகையைக் கொண்டுபோங்கள். திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். கதவுக்கும் நிலைக்கும் இடையே மட்டும் பார்த்தால் போதாது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே சாந்து விட்டுப்போன கீறல், தபால் துவாரம், சாவித் துவாரம் எல்லாம் புகையைக் கலைக்கும்.

சரி, கதவு ஏன் நிலையோடு பொருந்தாமல் போகிறது? மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும்; இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, குறுக்குவாக்கில்தான் எல்லாம். பழைய தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அகலப் பலகைகளை ஆணியோ பசையோ இல்லாமல் சட்டங்களின் பள்ளத்துக்குள் தளர்வாக நிற்கவைத்தார்கள். பலகை எவ்வளவு சுருங்கினாலும் பள்ளத்துக்குள்ளேயே சுருங்கும். கதவின் மொத்த அகலத்தை மாற்றுவது இரண்டு பக்கக் குத்துச்சட்டங்கள் மட்டுமே, அதுவும் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே 2 மி.மீ. அளவுக்கு. எனக்கு மிகவும் பிடித்த கட்டுமான அறிவு இது. இத்தகைய கதவை ஓட்டை என்று தூக்கிப்போட்டு பிளாஸ்டிக் கதவு மாட்டுவது மனதுக்கு ஒப்பவில்லை.

பெரும்பாலும் கோளாறு கீலில்தான். மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்தால் கதவு சரிந்து, பூட்டுப் பக்க மேல்மூலை நிலையில் உரசும், கீல் பக்கத்தில் மேலே சந்து விரியும். தளர்ந்த துளைக்குள் பசை தடவிய மரச் சிம்பை அடித்து, இன்னும் நீளமான திருகாணியைப் போட்டால் கதவு நேராகிவிடும். இதைச் செய்யாமல் நாடா ஒட்டுவதால்தான் ஓரிடத்தில் நாடா நசுங்குகிறது, இன்னோரிடத்தில் தொடவே இல்லை.

பிறகு சந்தை அளக்க வேண்டும். களிமண் போன்ற ஒட்டுப்பசையைச் சிறு உருண்டைகளாக நிலையில் பல இடங்களில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கதவைச் சாத்தித் திறந்தால், நசுங்கிய தடிமனே அந்தந்த இடத்தின் அளவு. 3 மி.மீ. சந்துக்கு 3 மி.மீ. ரப்பர் பத்தாது, மூன்றில் ஒரு பங்காவது அமுங்கும் தடிமன் வேண்டும். அளவுக்கு மீறியதைக் கீல் பக்கம் ஒட்டினாலோ கதவு நெம்பிக்கொண்டு நிற்கும், பூட்டு விழாது. ஸ்பாஞ்சு ஓரிரு குளிர்காலத்தில் தட்டையாகிவிடும். உள்ளே குழலாக இருக்கும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பல வருடம் மீண்டெழும். அதன் மேல் பெயின்ட் பட்டால் இறுகிக் கெட்டுப்போகும்.

மயிரிழைச் சந்துகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு மி.மீ.க்கும் குறைந்த இடுக்கில் காற்று இரு பக்கமும் உரசி ஊர்ந்துதான் போகும். அங்கே அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அகலமான சந்துகளுக்கே முதல் கவனம்.

கதவே முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரே தடிமன் நாடா எதுவும் ஒத்துவராது. அதற்கு ஒரு நல்ல வழி: நிலையில் சிலிக்கான் பசையைக் கோடாக வைத்து, அது தொடும் கதவு விளிம்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கதவைச் சாத்தி இறுகவிடுவது. முறுக்கு எப்படியோ அப்படியே சிலிக்கான் அச்சாகிவிடும். பின்வாசல் இருக்கும் வீட்டுக்குத்தான் இது வசதி, ஏனென்றால் ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறக்க முடியாது.

அடிப்பக்கத்துக்குத் தூரிகை நாடா நல்லது. தேய்ந்து குழிந்த கல்படியோடும் இழைந்துபோகும். உள்ளே கார்ப்பெட் மேடாக இருந்தால் தூரிகை சிக்கும். அங்கே கதவைத் திறக்கும்போது தானே மேலே தூக்கும் சுருள்சரிவுக் கீல்களைப் போட்டார்கள் அந்தக் காலத்தில், இன்றும் கிடைக்கின்றன.

எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய கேஸ் அடுப்போ பாய்லரோ இருந்தால் அதற்கென வைத்த காற்றுத்துளையைத் தொடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். அதேபோல் வெளிச்சுவரில் தரையை ஒட்டித் தெரியும் துளைச் செங்கற்கள் ஹாலுக்குள் காற்று விடுபவை அல்ல. மரத்தரைக்கு அடியில் காற்றோட்டம் கொடுத்து உத்தரங்களை உலர்வாக வைத்திருப்பவை அவை. குளிரென்று அவற்றை அடைத்தால் உத்தரம் உளுத்துப்போகும். பலகைகளுக்கு நடுவே காற்று வருகிறதென்றால், அறைக்குள்ளிருந்து பலகை இடுக்கை மட்டும் நிரப்பினால் போதும்.