கடலோரத்தில் வீடு பார்க்கிறீர்களா? கையில் ஒரு சுத்தியல் இருக்கட்டும்

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவருக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சென்னையில் நீலாங்கரைக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பன்னிரண்டு வருடப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். "எல்லாம் முடிந்துவிட்டது சார். நீங்கள் ஒரு முறை பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்" என்றார் அந்த அம்மா. கட்டட ஆய்வுக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பவர்கள்.

வீடு அழகாகத்தான் இருந்தது. பால்கனியில் நின்றால் நீலமாகக் கடல், முகத்தில் காற்று. கணவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தி மேல்மாடி சன்ஷேடின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடமெல்லாம் மங்கிய வண்ணம், அந்த அடிப்பாகம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. சின்ன சுத்தியலால் தட்டினேன். நல்ல கான்கிரீட் 'டங்' என்று சொல்லும். இது 'பொத்' என்றது. இன்னும் இரண்டு தட்டு தட்டியதும் உள்ளங்கை அளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி அடை அடையாகத் துருவேறிக் கிடந்தது.

நடந்தது இதுதான். சிமென்டில் உள்ள காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி, அந்தப் படலத்தை அரித்துவிடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளுகிற தள்ளலில் கான்கிரீட் வெடித்து உரிகிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

இதைத் தாமதப்படுத்துவது கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது மேஸ்திரிகள் சொல்லும் 'கவர்'. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடுமை இல்லாத சூழலில் 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. கடலோரக் காற்றுக்கு நேரடியாக ஆட்படும் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர், கான்கிரீட்டும் எம் 30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அலைத் திவலை படும் இடமென்றால் 50. ஊருக்குள் கட்டிப் பழகிய கை, கடலோரத்திலும் அதே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை வைத்துவிட்டுப் போகும். அன்று அந்தச் சன்ஷேடில் நான் அளந்தது 18. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்திருந்தால், வெளியிலிருந்து உப்பு வருவதற்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

"பூசிவிட்டால் சரியாகிவிடாதா?" என்று கணவர் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்வி. மேலே பூசுவது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவது போல. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, அரிப்புத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகுதான் மூட வேண்டும். அப்படிச் செய்தாலும், ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் சில வருடங்களில் அதை ஒட்டிய பகுதிக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கான்கிரீட்டிலும் உப்பு இருக்கிறதே! கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த தூளில் குளோரைடு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், எவ்வளவு ஆழம் வரை உப்பு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பழைய வீடு வாங்கும் முன் அந்தச் சோதனையைக் கேளுங்கள். அதற்கு முன்பு நீங்களே பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு: சன்ஷேடின் அடிப்பாகம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம், மாடிப்படியின் பின்புறம், வாகன நிறுத்தத்தில் தூண்களின் கால் பகுதி. வரவேற்பறையில் என்ன டைல்ஸ் என்பதை யாராவது காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

காற்றில் உள்ள உப்பு கரையை விட்டு விலக விலக வேகமாகக் குறைகிறது. முதல் சில நூறு மீட்டரில்தான் பெரும் பகுதி படிகிறது. 'கடல் பார்த்த வீடு' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர், கதவுக் கீல், ஏசி வெளிப்பெட்டி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் அடிக்கடி மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். முதல் வரிசையை விருந்தினர் விடுதிகளுக்கு விட்டுவிட்டு, குடும்பம் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அடுத்தது தண்ணீர். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு ஓடுகிறது. மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும் நல்ல மணல் அது. உப்பு நீரின் மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை உப்பு நீரை அது அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு நாற்பது அடி மேலே ஏறி வரும். தெருவுக்குப் பத்து ஆழ்துளைக் கிணறு ஓடும் இடத்தில் ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்து பயனில்லை. வீட்டுக்காரர் டிசம்பரில் காட்டும் தண்ணீர் இனிக்கும். மே மாதம் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. அந்த வீட்டில் 3400 இருந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பது வேறு, உங்கள் தெருவுக்குக் குழாய் வந்திருப்பது வேறு. லாரித் தண்ணீர் ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் புரிந்துவிடும்.

இனி சாலை. விளம்பரங்களில் 'ஓ.எம்.ஆருக்கு ஐந்தே நிமிடம்' என்று எழுதுவார்கள். ஓ.எம்.ஆர். என்பது பழைய மாமல்லபுரம் சாலை. வரைபடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஓ.எம்.ஆரும் இணைகோடுகள் போலத்தான் தெரியும். நடுவில் கால்வாய் ஓடுவதை மறந்துவிடுகிறோம். வண்டிகள் தாராளமாகக் கடக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: வடக்கே திருவான்மியூர், நடுவே அக்கரை – சோழிங்கநல்லூர், தெற்கே கோவளம் – கேளம்பாக்கம். வீட்டிலிருந்து பார்த்தால் அலுவலகக் கட்டடம் தெரியும், போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், வீட்டுக்கும் பாலத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். சிறுசேரியில் மட்டும் வேலையென்றால் கோவளம் நல்ல ஊர். தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் அங்குள்ள கடற்கரைக்கு 2021-இல் கிடைத்தது. ஒருவர் சிறுசேரி, மற்றவர் கிண்டி என்றால் கோவளம் ஒருவரைத் தினமும் தண்டிக்கும். மாமல்லபுரம் இன்னும் தூரம். ரயில் கிடையாது, அருகில் பெரிய நிலையம் என்றால் சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே செங்கல்பட்டுதான். சனிக்கிழமை மாலை வீடு பார்க்கப் போகாதீர்கள், ஊரே கடலுக்குப் போகும் நேரம் அது. ஆனால் அங்கே குடியிருந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நெரிசலில்தான் பால் வாங்கப் போக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பிள்ளையைப் பள்ளியில் விடுவது போல விட்டுவிட்டு, ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கடலும் ரயிலும் சேர்ந்து கிடைக்கும் இடம் நகரத்தின் வடக்கில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்ரயில் எண்ணூரைத் தொட்டுப் போகிறது, மெட்ரோ 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. வாடகையும் குறைவு. ஆனால் நான் அங்கே குழந்தைகளோடு போகச் சொல்வதில்லை. அனல்மின் நிலையங்கள், ரசாயன ஆலைகள், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கசிவு என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. போதாததற்குக் கடலரிப்பு. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. வீட்டுக்குத் தெற்கே புதிதாகக் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டுகிறார்களா என்று மீனவக் குப்பத்தில் விசாரியுங்கள். தரகரைவிட அவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர் சொல்வார். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை 1991 முதலே கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு இருக்கிறது. 2011, 2019 அறிவிக்கைகளில் விதிகள் மாறின. பட்டா இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கட்டட அனுமதி கடலோர மண்டல ஒப்புதலோடு வாங்கியதா என்று பாருங்கள். மணல் மேட்டைச் சமன்படுத்திப் போட்ட மனையா என்றும் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகும் அந்த மேடுகளை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளம் கடலிலிருந்துதான் வரும் என்று நினைப்பது தவறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, முட்டுக்காடு பக்கம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. கடல் பொங்கி நிற்கும் புயல் நாளில் அது வடியாது. கடலோர வீட்டுக்கு வெள்ளம் முதுகுப் பக்கமாக வரும். கொண்டலும் வாடையும் வீசும் ஐப்பசி, கார்த்திகையை அந்த ஊரில் ஒரு முறையாவது பார்க்காமல் வீடு வாங்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, ஒரு வருடம் வாடகைக்கு இருப்பது.

அந்தத் தம்பதி முன்பணத்தில் பாதியை இழந்தார்கள். கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, வாடகைக்கு ஒரு வீடு எடுத்தார்கள். கடலுக்கு நடந்தே போகலாம், இரண்டு அலுவலகமும் சமாளிக்கும் தூரம். நவம்பரில் அந்த அம்மா போன் செய்தார். தெருமுனையில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை, எந்தெந்தத் தெருவில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வருகிறோம் என்றார். இப்போது மறுபடி வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்துச் சன்ஷேடைத் தட்டிப் பார்த்துவிடுகிறாராம். உரிமையாளர்கள் முறைக்கிறார்களாம்.