லைவ் ராக், சைக்கிளிங்: இரண்டுக்கும் தமிழ் என்ன?

கடல்நீர் மீன்தொட்டி வைக்கத் தொடங்குகிறவர் காதில் முதலில் விழும் சொற்கள் ‘லைவ் ராக்’, ‘சைக்கிளிங்’ என்ற இரண்டும்தான். இவற்றை ‘உயிருள்ள பாறை’, ‘சுழற்சி செய்தல்’ என்று அப்படியே மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே ஆளைத் தவறான பக்கம் கொண்டுபோய் விடக்கூடியவை. முதலாவதைக் கேட்டால் பாறையே வளரும் என்று தோன்றும். இரண்டாவதைக் கேட்டால் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படி நினைத்து மறுநாளே மீனை விட்டால் அது பிழைப்பது அரிது.

முதலில் லைவ் ராக். பாறைக்கு உயிர் கிடையாது. பவள உயிரிகள் இறந்தபின் எஞ்சும் கால்சியம் கார்பனேட் கூடுதான் அது. கடலடியில் நாளடைவில் இறுகி, உடைந்து கிடக்கும். ஒரு துண்டை உடைத்தால் உள்ளே முழுக்கத் துளைகள். மேலே ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் பூசியதுபோல் ஒட்டியிருப்பது சுண்ணப்பாசி. தொட்டி விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பொந்திலிருந்து இருபுறமும் முள்மயிர் வைத்த புழு மெல்லத் தலைநீட்டும். கல்லின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகக் கோபிபாடுகள் என்னும் மிகச் சிறிய ஓட்டுயிர்கள் ஓடும். நிழலான அடிப்பக்கத்தில் கடற்பஞ்சு ஒட்டியிருக்கும். ‘லைவ்’ என்பது இந்தக் குடித்தனத்தைத்தான். இதில் கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாக்கள்தான் தொட்டியைக் காப்பாற்றுகின்றன.

ஆகவே ‘உயிர்ப்பாறை’ என்பதே சரி. தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரால் ஆன குடம் அல்ல, தண்ணீரை உடைய குடம். அதே இலக்கணப்படி உயிரை உடைய பாறை உயிர்ப்பாறை. கையில் தூக்கும் அளவுள்ளதைப் பாறை என்பதைவிடக் கல் என்பதே தமிழ் வழக்கு. அதனால் ‘உயிர்க்கல்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. இலங்கைத் தமிழில் பவளக் கல்லுக்கு முருகைக்கல் என்ற அழகான பெயர் உண்டு. அங்கே ‘உயிர் முருகைக்கல்’ என்று சொன்னால் இன்னும் துல்லியம்.

இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்தில், கடலிலிருந்து எடுத்த கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பித் தொட்டி வைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் பெர்லின் ஆர்வலர்கள் அதோடு, நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவியைச் சேர்த்தார்கள். ‘பெர்லின் முறை’ என்ற பெயர் அப்படி வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் இந்தக் கல்லை வரையறுத்திருக்கிறது. உயிர்கள் ஒட்டிய பவளக் கல், ஈரத்தோடு ஆனால் நீரில் இல்லாமல் பெட்டியில் அனுப்பப்படுவது என்கிறது அந்த வரையறை.

அந்த ‘நீரில் இல்லாமல்’ என்பதைக் கவனியுங்கள். வழியிலேயே கடற்பஞ்சும் புழுவும் பாசியும் ஓரளவு செத்துப்போகும். பெட்டியைத் திறந்ததும் கெட்ட முட்டை நாற்றம் அடித்தால் காரணம் அதுதான். செத்தவை அழுகும்போது மீனுக்கு நஞ்சான அம்மோனியா வெளியாகும். இரண்டாவது சொல்லின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

‘சைக்கிள்’ என்பதன் வேர் கிரேக்கத்தின் குக்லோஸ். பொருள் வட்டம், சக்கரம். சமஸ்கிருதச் ‘சக்ர’வும் அதே ஆதி வேரிலிருந்து வந்ததுதான். ஆக நம் வாயில் புழங்கும் சக்கரமும் சைக்கிளும் ஒரே குடும்பம். அறிவியலில் இதைத் தமிழகத்தில் நைட்ரஜன் சுழற்சி என்கிறோம், இலங்கையில் நைதரசன் வட்டம். இரண்டும் நல்ல சொற்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். வெவ்வேறு உயிர்கள் செய்யும் இரு படிகள் இவை என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி காட்டினார்.

ஆனால் ‘டேங்க்கை சைக்கிள் பண்றேன்’ என்கிறவர் இந்தச் சுழற்சியைச் சொல்லவில்லை. அந்த பாக்டீரியாக்கள் தேவையான அளவு பெருகும்வரை மீன் விடாமல் பொறுத்திருப்பதைச் சொல்கிறார். இதற்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு வினை இருக்கிறது: பழக்குதல். புது மண்சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் பழக்குவதில்லையா, அதே பழக்குதல்தான். ‘தொட்டியைப் பழக்குகிறேன்’, ‘தொட்டி இன்னும் பழகவில்லை’ என்று இயல்பாக வரும். ‘சுழற்சி செய்தல்’ பேச்சில் ஒருபோதும் ஒட்டாது. கல்லைத் தனி வாளியில் உப்புநீரில் போட்டு அழுகல் தீரும்வரை வைப்பதை ‘கியூரிங்’ என்பார்கள். அதைப் பக்குவப்படுத்துதல் எனலாம்.

பழக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். உப்பை நன்றாகக் கரைத்து அடர்த்தி எண் (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவிலும், வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸிலும் நிற்க வேண்டும். கல்லை அடுக்கி நீரோட்டம் கொடுத்துவிட்டு டெஸ்ட் கிட்டால் அளந்துவர வேண்டும். அம்மோனியா ஏறும், இறங்கும். அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரேட் மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் 3 முதல் 6 வாரம் பிடிக்கும். நாள்கணக்கை நம்பாதீர்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தைத் தொட்டால்தான் பழகியது என்று பொருள். கடல்நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8.1–8.3 இருப்பதால், நடுநிலையான நன்னீரைவிட இதில் அம்மோனியா கூடுதல் நஞ்சாகிறது. அவசரம் இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

உயிரில்லாத காய்ந்த கல்லோடு தொடங்கினால் அழுகுவதற்கு எதுவும் இருக்காது. அம்மோனியாவை நாமே சிறிது சேர்க்க வேண்டும், பாக்டீரியாவையும்தான். அதற்குப் பயன்படும் அம்மோனியம் குளோரைடு வேறொன்றுமில்லை, பழைய தமிழ் நவச்சாரம்தான். தொட்டிக்கு மட்டும் கலப்படமில்லாத தூய வகையே வேண்டும்.

தொட்டியில் சுழற்சி முழு வட்டம் போவதும் அரிது. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் எட்டாத இடம் வேண்டும்; தடித்த, நுண்துளை நிறைந்த கல்லின் உட்பகுதியில் அது ஓரளவு கிடைக்கிறது. மீதமாகிற நைட்ரேட்டை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். பழகிய தொட்டியிலும் மீன்களை ஒரேயடியாக விடாமல் ஒன்றிரண்டாக விடுவது, கூடும் கழிவுக்கு ஏற்ப பாக்டீரியாவும் பெருக நேரம் கொடுக்கத்தான்.