எண்ணெய்க்குப் பூச்சி எது, பிள்ளை எது என்று தெரியாது

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. 11 மாதப் பையன். தூக்கத்தில் நெளிகிறான், வயிறு உப்பியிருக்கிறது, பூச்சிதான் என்று அம்மாயி ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயை வாயில் ஊற்றியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாந்தி, அப்புறம் எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்குத் தூக்கி வந்து த்ரீவீலர் பிடித்து எங்களிடம் சேர்ப்பதற்குள் வலிப்பு. பையன் பிழைத்துவிட்டான். அம்மாயி வார்டு வாசலில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "பச்சிலை எண்ணெய்தானேங்க டாக்டர், பூச்சியைத்தானே கொல்லும்?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தாய் கொழுந்து மலையில் நிற்க, பிள்ளையைப் பார்ப்பது அவர்தான். கோபமெல்லாம் அந்த நம்பிக்கை மேல்தான், படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள்.

சீயக்காயைத் தண்ணீரில் கலக்கினால் நுரைக்கிறதல்லவா? அந்த நுரைக்குக் காரணம் சபோனின் என்ற பொருள். புழுக்களைக் கொல்லும் என்று சொல்லப்படும் பல செடிகளில் அது இருக்கிறது. உயிரணுவைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு, அதிலுள்ள கொலஸ்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சபோனின் ஓட்டை போடுகிறது. அதே கொலஸ்ட்ரோல் நம் உயிரணுச் சவ்விலும் இருக்கிறது! இரத்தத்தில் நேரே கலந்தால் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். நல்ல குடல் அதை அதிகம் உள்ளே விடாது, வயிற்றுப்போக்கில் புண்ணான குடலை அப்படி நம்ப முடியாது. ஓம எண்ணெயிலுள்ள தைமோலும் சவ்வின் கொழுப்பில் கரைந்து அதைக் கசிய வைக்கிற பொருள்தான். ஓமத் தண்ணீர் வேறு, ஓம எண்ணெய் வேறு, இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாக்குப்பூச்சியின் உடம்புக்குத் தடித்த தோலுறை இருக்கிறது. பிள்ளையின் குடல் உட்சுவரோ ஒரே ஓர் அடுக்கு உயிரணு. இரண்டில் எது முதலில் அடிவாங்கும்?

வேப்பெண்ணெய் இதையும் தாண்டிப் போகிறது, ஈரலையும் மூளையையும் தாக்குகிறது. 1981இலேயே மலேசியாவிலிருந்து, வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்: இதே வாந்தி, இதே மயக்கம், இதே வலிப்பு. நம் குளிர்ப் பக்கத்தில் வேம்பு சரியாக வளர்வதுகூட இல்லை. வவுனியாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த, லேபிள் இல்லாத போத்தலில் என்ன செறிவு என்று யாருக்குத் தெரியும்?

"மலேரியாவுக்குக் கொடுக்கிற குயினைனும் மரப்பட்டைதானே" என்பார்கள். ஆமாம், நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலவில் 1861இல் தோட்டம் போட்டதே அந்தச் சின்கோனா மரத்துக்காகத்தான். ஆனால் பட்டையிலிருந்து பிரித்து, அளந்து கொடுத்தபோதுதான் அது நம்பகமான மருந்தானது. அளவு கூடினால் அதுவும் காதை இரைய வைக்கும், கண்பார்வையை மங்க வைக்கும்.

கிளினிக்கில் தருகிற மெபென்டசோல் என்ற பூச்சி மாத்திரை புழுவின் உயிரணுவுக்குள் ஒரு புரதத்தைப் பிடிக்கிறது, நம்முடைய புரதத்தை அவ்வளவாகப் பிடிப்பதில்லை, பெரும்பகுதி குடலோடு போய்விடும். சரி, அது போதும்.

வேப்பெண்ணெயைப் பிள்ளையின் வாயில் ஒரு சொட்டுக்கூட வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் எந்தப் பூச்சி மருந்தும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990 அம்புலன்ஸுக்குப் போன் எடுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுவாருங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாயிமாரே, உங்களை யாரும் திட்டமாட்டோம். அந்த 11 மாதப் பையன் விஷயத்தில் "ஒன்றுமே கொடுக்கவில்லை" என்ற ஒரு பதிலால் எங்களுக்கு முக்கால் மணி நேரம் போனது.