இயைபின்மை: செருகி சேர்ந்தும் ஒலி வராத நிலைக்கு ஒரு சொல்

கோவை காந்திபுரத்தில் ஒலிக்கருவி வாங்க வருபவர், இணையத்திலிருந்து இசையை எடுத்து அனுப்பும் ஸ்ட்ரீமரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல இருக்கற டாக்குக்கு இது சேருமுங்களா?" என்று கேட்பார். டாக் என்பது இலக்கக் குறிகளை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி. "கம்பேட்டபிள்தானுங்க" என்று கடைக்காரர் விடை சொல்வார். கேள்வி தமிழிலும் விடை ஆங்கிலத்திலும் அமைந்துவிடுகிறது. கேட்டவர் கையாண்ட 'சேரும்' என்பதோ, "எனக்குக் கத்திரிக்காய் சேராது" என்று உணவுக்கும் நாம் சொல்லும் பழகிய சொல்.

கம்பேட்டபிள் என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'கோம்பதி', அதாவது உடன் துன்புறுதல் அல்லது உடன் பொறுத்தல். இடைக்காலத்தில், ஒரே குருவானவர் சேர்த்து வகிக்கத்தக்க திருச்சபைப் பதவிகளை அச்சொல் குறித்தது. 1964-இல் ஐபிஎம் நிறுவனம், ஒரே நிரலைப் பல அளவுக் கணினிகளில் ஓட்டலாம் என்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, கணினித் துறையில் அச்சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

தமிழில் இதற்குப் பலர் 'பொருத்தம்' என்று எழுதுகின்றனர். சாதகத்துக்குச் சரி, இங்கே அது போதாது என்பது என் கருத்து. பம்பு செட்டுப் பட்டறைகளில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரை அங்குலப் பிரிட்டிஷ் குழாய் மரைக்கும் அமெரிக்கக் குழாய் மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுகளே. ஆனால் மரையின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஆகவே முதற் சுற்றுகள் இலகுவாக ஏறும், பிறகு நீர் கசியும். பொருந்தியது, ஆனால் இயையவில்லை.

ஸ்ட்ரீமருக்கும் டாக்குக்கும் இடையில் நேர்வதும் இதுவே. யூஎஸ்பி செருகி துளையில் கச்சிதமாக அமர்ந்த பின்னும் ஒலி வராமல் போவதுண்டு. பல ஸ்ட்ரீமர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் இயங்குபவை. டாக் செய்தவர் விண்டோஸுக்கு மட்டும் இயக்கி மென்பொருள் தந்திருந்தால், அதை ஸ்ட்ரீமரில் நிறுவப் பயனருக்கு வழி இராது. யூஎஸ்பி வழியே ஒலி அனுப்புவதற்கான பொது விதியாகிய 'யூஎஸ்பி ஒலி வகுப்பின்' முதற்பதிப்பை மட்டும் டாக் அறிந்ததாயின், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 96,000 ஒலி அளவுகளுக்கு) மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. ஒலியை ஒற்றை பிட்டுகளின் ஓட்டமாகப் பதியும் டிஎஸ்டி கோப்புகளில் நிலைமை இன்னும் வேடிக்கையானது: ஸ்ட்ரீமர் அவற்றை வழக்கமான இலக்க ஒலி வடிவமாகிய பிசிஎம் பொதிக்குள் 176.4 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மறைத்து அனுப்பும்போது, பொதியின் அடையாளக் குறியை அறியாத டாக் அதையும் இசையென்றே கருதி இரைச்சலாக ஒலிக்கும். சில சிறு டாக்குகளோ தமக்கு வேண்டிய மின்சாரத்தை யூஎஸ்பி வழியே எதிர்பார்த்து, கிடைக்காமல் வாளாவிருக்கும்.

இந்நிலைக்கு 'இயைபின்மை' என்பதே தக்க சொல். புதிதாய் ஆக்கவும் வேண்டியதில்லை. இயை என்னும் வினையிலிருந்து வரும் 'இயைபு' தொல்காப்பியச் செய்யுளியலின் எட்டு வனப்புகளுள் ஒன்று. 'செஞ்ஞாயிறு' என்பதில் உள்ள அடையை 'இயைபின்மை நீக்கியது' என்பர் உரையாசிரியர்; ஞாயிற்றோடு செம்மை என்றும் கூடியே நிற்பது. 'ஒவ்வாமை' என்றும் எழுதலாம்தான். ஆனால் அச்சொல்லைத் தோல் மருத்துவர்கள் தம் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டனர்.

பேச்சில் 'சேராது' என்பதே இருக்கட்டும். கையேட்டில், "இவ்விரண்டுக்கும் யூஎஸ்பி வழியில் இயைபு இல்லை; ஒளியிழை வழியில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை இயைபு உண்டு" என்று எழுதலாம். வழியையும் எல்லையையும் ஏற்று நிற்கும் இவ்வியல்பு, 'பொருத்தம்' என்னும் சொல்லுக்கு இல்லை.