படத்துல இருந்த சாளையை நுள்ளி எடுக்கப் பார்த்த பிள்ள

எங்க அண்ணன் மகளுக்கு அப்போ 9 மாசம். கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கத்துல எங்க வீடு, மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்ட்டு முடிச்சிட்டு திண்ணையில உக்காந்து ஒரு கெட்டி அட்டை புக்கை அவ முன்னாடி விரிச்சு வச்சேன், பக்கம் முழுக்க ஒரே ஒரு மீன் படம். குனிஞ்சு பார்த்தா, அப்புறம் விரலை குவிச்சு அந்த மீனை பக்கத்துல இருந்து நுள்ளி எடுக்க பார்த்தா. வரல. நகத்தால சொரண்டினா, உள்ளங்கையால தட்டினா, மறுபடி நுள்ளினா. எங்க அம்மை "பிள்ளைக்கு மீன் வேணுமாம்"னு சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம். பிள்ள சிரிக்கல. அஞ்சு நிமிசம் அதே வேலையா இருந்தா, அந்த அஞ்சு நிமிசம்தான் என்னை படப்புத்தகம் பத்தி தேடித்தேடி படிக்க வச்சது.

ஜூடி டிலோச்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இதையே சோதனையா செஞ்சு 1998ல வெளியிட்டிருக்காங்க. 9 மாச பிள்ளைங்க முன்னாடி தெளிவான கலர் போட்டோ இருக்கிற புக்கை வச்சா, படத்துல இருக்கிற சாமானை தடவுது, தட்டுது, பிடிச்சு எடுக்க பார்க்குது. அமெரிக்க பிள்ளைங்க மட்டும் இல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் நாட்டு கிராமத்து பிள்ளைங்களும் அதையேதான் செஞ்சிருக்கு, அங்க படம் போட்ட புக்கையே அதுக்கு முன்னாடி அனேகமா பார்த்திருக்க வாய்ப்பில்ல. ஆனா நிஜ சாமானையும் படத்தையும் பக்கத்து பக்கத்துல வச்சா பிள்ள நிஜத்துக்குத்தான் கை நீட்டுது. அப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம இல்ல, இந்த தட்டையான சாமான் என்ன மாதிரி சாமான்னுதான் இன்னும் பிடிபடல. 19 மாசம் ஆகும்போ அதே கை நுள்ளுறதை விட்டுட்டு சுட்டிக் காட்ட ஆரம்பிச்சிடுது.

இது சின்ன விசயம் இல்லங்க. ஒரு படம் ஒரே நேரத்துல ரெண்டு பொருளா இருக்கு, ஒண்ணு கையில இருக்கிற காகிதம், இன்னொண்ணு குளச்சல் கடப்புறத்துல கிடக்கிற மீனை நினைவுபடுத்துற ஒரு அடையாளம், காகிதத்தை காகிதமா பார்த்துக்கிட்டே அதுக்கு பின்னாடி இருக்கிற மீனை மனசுல பிடிக்கணும். நமக்கு இது பழகிப் போச்சு, இதை ஒரு காலத்துல கத்துக்கிட்டோம்ங்கிறதே மறந்து போச்சு. ஆனா பின்னாடி அந்த பிள்ள ‘சா’ங்கிற கோட்டுக்கு பின்னாடி ஒரு சத்தம் இருக்குன்னு பிடிக்கணும்னா, 5ங்கிற வளைவுக்கு பின்னாடி அஞ்சு நெல்லிக்கா இருக்குன்னு பிடிக்கணும்னா, ரேசன் கடை போர்டுக்கும் பஸ் போர்டுக்கும் பின்னாடி வேற ஒண்ணு இருக்குன்னு தெரியணும்னா, எல்லாத்துக்கும் இந்த ஒரே பழக்கம்தான் அடி. அதனாலதான் ‘பிள்ளைக்கு இன்னும் எழுத்தே தெரியாதே, புக்கு எதுக்கு’ன்னு யாராவது கேட்டா எனக்கு மனசு கேக்காது. எழுத்துக்கு முன்னாடி நடக்க வேண்டிய பெரிய வேலை ஒண்ணு அந்த அட்டை புக்குலதான் நடக்குது.

மடியில வச்சு காட்டுறதுலயும் கணக்கு இருக்கு. பொறந்த பிள்ளைக்கு கண்ணு ஓரளவு தெளிவா பிடிக்கிறது ஏறக்குறைய 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கிறதைத்தான், பால் குடிக்கும்போ அம்மை முகம் இருக்கிற தூரம் அது, மடியில வச்சு புக்கை பிடிச்சா அதுவும் கிட்டத்தட்ட அங்கதான் வரும். நிறம் பிரிச்சு பார்க்கிறது அடுத்த சில மாசத்துல மெதுவா கூடி வரும், அதனாலதான் கைக்குழந்தைக்கு கறுப்பு வெள்ளையில பெரிய பெரிய வடிவம் போட்ட புக்கு.

இனி முக்கியமான இடம். படப்புத்தகத்துல உண்மையில வேலை செய்யுறது புக்கு இல்ல, அதை நடுவுல வச்சு ரெண்டு பேர் பேசுற பேச்சு. 1978ல ஆனத் நினியோ, ஜெரோம் ப்ரூனர் ரெண்டு பேரும் ஒரு அம்மாவும் பிள்ளையும் படப்புத்தகம் பார்க்கிறதை மாசக்கணக்கா கவனிச்சு எழுதினாங்க. அந்த அம்மா பேசினது எல்லாமே கிட்டத்தட்ட நாலு வகைக்குள்ள அடங்கிடுது. நம்ம பேச்சுல சொன்னா: "இங்க பாரு மக்களே." "இது என்னது?" "இது சாளை." "ஆமா, சாளையேதான்." அவ்வளவுதான். ஆனா வரிசையை பாருங்க, முதல்ல ரெண்டு பேர் கண்ணையும் ஒரே இடத்துக்கு கொண்டு வருது, அப்புறம் பிள்ளைக்கு பேச ஒரு இடம் விடுது, பிள்ள பேசலன்னா பெரியவங்க பேர் சொல்றாங்க, ஏதோ ஒரு சத்தம் போட்டா கூட அதை பதிலா எடுத்துக்கிட்டு சரின்னு சொல்றாங்க. இதுல ரெண்டு பேர் கண்ணும் ஒரே இடத்துல நிக்கிறது ரொம்ப பெரிய காரியம், ஏன்னா பிள்ளைக்கு ஒரு வார்த்தை காதுல விழும்போ அது எந்த சாமானோட பேருன்னு தெரியலன்னா அந்த வார்த்தை எங்கயும் போய் ஒட்டாது. நடு முற்றத்துல நின்னு ‘சாளை’ன்னு சொன்னா அது வாளியா, பூனையா, மீனா, மீன்காரர் பேரா, எதுவா வேணா இருக்கலாம். புக்குல விரலை வச்சு சொன்னா ஒண்ணே ஒண்ணுதான்.

இதை வச்சு சொல்லிக் கொடுத்தா பலன் உண்டான்னு க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் 1988ல பார்த்தாங்க. ரெண்டு மூணு வயசு பிள்ளைங்க, எல்லா வீட்டுலயும் புக்கு வாசிக்கத்தான் செய்யுறாங்க. பாதி பெற்றோருக்கு மட்டும் வாசிக்கிற விதத்தை மாத்தச் சொன்னாங்க: நீங்களே ஓட்டமா வாசிச்சு முடிக்காதீங்க, ‘என்ன, ஏன், எப்படி’ன்னு கேளுங்க, பிள்ள ஒரு வார்த்தை சொன்னா அதை ரெண்டு வார்த்தையா நீட்டி திருப்பி கொடுங்க. பிள்ள "படகு"ன்னா நீங்க "ஆமா, பெரிய நீலப் படகு". ஒரே ஒரு மாசம். அந்த ஒரு மாசத்துல பேச்சுத் திறன் சோதனையில அந்த பிள்ளைங்க மத்த பிள்ளைங்களை விட பல மாசம் முன்னாடி நின்னாங்க. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா காசு செலவே இல்ல, புது புக்கும் வேண்டாம், வாயை கொஞ்சம் மூடிக்கிட்டு பிள்ளைக்கு நேரம் கொடுத்தா போதும். நானே ஆரம்பத்துல கடகடன்னு வாசிச்சு முடிப்பேன், இப்போ ஒரு கேள்வி கேட்டா மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுறேன், பல தடவை மூணுலயோ நாலுலயோ பதில் வந்துடும்.

அப்புறம் இந்த ‘இன்னொருக்க, இன்னொருக்க’ தொல்லை. தொல்லைன்னு சொல்லக் கூடாது, அதுலதான் விசயமே இருக்கு. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெசிகா ஹோர்ஸ்ட் குழு 2011ல மூணு வயசு பிள்ளைங்களுக்கு புது வார்த்தை வச்ச கதைகளை வாசிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு ஒரே கதை திரும்ப திரும்ப, இன்னொரு கூட்டத்துக்கு வேற வேற கதை, ஆனா புது வார்த்தை காதுல விழுற எண்ணிக்கை ரெண்டு பக்கமும் சமம். ஒரே கதை கேட்ட பிள்ளைங்கதான் வார்த்தையை நல்லா பிடிச்சிருந்தாங்க. முதல் தடவை கேக்கும்போ யார் வாரா, எங்க போறா, என்ன ஆவுதுன்னு கதையை பிடிக்கவே பிள்ளையோட கவனம் எல்லாம் செலவாயிடும், ரெண்டாவது மூணாவது தடவைதான் கை காலியாகி வார்த்தை பக்கம் திரும்ப முடியும். எங்க வீட்டுல ஒரு ஆமை புக்கு, அம்பது தடவைக்கு மேல வாசிச்சிருப்போம், முதுகு பக்கம் பிஞ்சு செலோடேப்புலதான் நிக்குது. பிள்ள ஒரு புக்கை கேட்டு அழுதா அதையே வாசிங்க, புதுசு அலமாரியில காத்துக்கிட்டு இருக்கட்டும்.

படம் அதிகமா இருந்தா நல்லதுன்னு ஒரு நினைப்பு இருக்கு, அதுவும் சரியில்ல. அதே ஹோர்ஸ்ட், ஜோயி ஃப்ளாக்னு இன்னொருத்தரோட சேர்ந்து செஞ்ச சோதனையில, புக்கை விரிச்சா ரெண்டு பக்கமும் படமா இருந்தப்போ பிள்ளைங்க கத்துக்கிட்ட வார்த்தை குறைவு, ஒரு நேரத்துக்கு ஒரு படம் மட்டும் இருந்தப்போ அதிகம். காதுல விழுற வரி எந்த பக்கத்து படத்துக்குன்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள வரி முடிஞ்சு போகும். ஆனா வாசிக்கிறவங்க முதல்ல கையால சரியான பக்கத்தை காட்டினா அந்த குறை போயிடுதுன்னும் பார்த்திருக்காங்க. நம்ம விரல்தான் மருந்து. இழுத்தா வாய் திறக்கிற முதலை, திறந்தா துள்ளி நிக்கிற பூ, இந்த மாதிரி புக்கு பிள்ளைக்கு சந்தோசம்தான், வேண்டாம்னு சொல்லல, ஆனா பேர் கத்துக் கொடுக்க சாதா படமே நல்லா உதவுதுன்னு ஆய்வு இருக்கு, பிள்ளையோட கவனம் இழுக்கிறதுலயே போயிடுது. டேப்லெட்டும் அப்படித்தான், அதுல புக்கு பார்க்கும்போ பெரியவங்களும் பிள்ளையும் கதையைப் பத்தி பேசிக்கிறது குறையுது, "தொடாத, அங்க அமுக்காத"ன்னு பேச்சு வேற பக்கம் போயிடுது.

இனி நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒண்ணு. எங்க பிள்ள ‘சாளை’ன்னு சொல்றதை நாங்க வாங்கின புக்கு ‘மத்தி’ன்னு சொல்லுது. நாங்க மரச்சீனி, புக்கு மரவள்ளி. நாங்க சக்கை, புக்கு பலா. வீட்டுல "எங்க போற மக்களே", புக்குல "எங்கே போகிறாய்". எழுதுற தமிழுக்கும் பேசுற தமிழுக்கும் தூரம் எல்லா ஊர்லயும் உண்டு, இங்க விளவங்கோடு கல்குளம் பக்கம் மலையாளமும் கலந்து அந்த தூரம் இன்னும் கொஞ்சம் நீளம். பாதி பிள்ளைங்க ஒண்ணாம் வகுப்புல மலங்க மலங்க முழிக்கிறது அறிவு குறைஞ்சு இல்ல, வீட்டு தமிழ்ல இருந்து புத்தக தமிழுக்கு பாலம் இல்லாததால. ஒரு அங்கன்வாடியில நான் கண்ணால பார்த்தேன், படத்தை காட்டி டீச்சர் கேட்டதுக்கு ஒரு பையன் "சக்கை"ன்னு சந்தோசமா கத்தினான், டீச்சர் "தப்பு, பலா"ன்னு சொன்னாங்க, அதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்க அவன் வாயே திறக்கல. எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு.

படம்தான் அந்த பாலம். படத்துக்கு வட்டார வழக்கு கிடையாது. அதே சக்கை படத்துல விரலை வச்சுக்கிட்டு "ஆமா மக்களே, சக்கைதான், புக்குக்காரங்க இதை பலான்னு சொல்லுவாங்க"ன்னு சொன்னா ரெண்டு வார்த்தையும் ஒரே பழத்துல போய் ஒட்டிக்கிடும், ஒண்ணு இன்னொண்ணை தள்ளாது. எந்த பக்கமா இருந்தாலும் முதல்ல வீட்டு பேச்சுல கதையை சொல்லிட்டு அப்புறம் அச்சுல இருக்கிற வரியை அப்படியே வாசிக்கிறது எங்க வீட்டு வழக்கம் ஆயிடுச்சு. 2011 கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்து எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதலிடம், அப்படியும் எழுத்து தெரியாத ஆச்சிமாரும் பாட்டாமாரும் வீடுகள்ல இருக்காங்க. அவங்க கையில தாராளமா படப்புத்தகத்தை கொடுங்க. எங்க பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுத்து வாசிக்க வராது, ஆனா ஒரு வள்ளம் படத்தை வச்சு கரமடி வலை இழுத்த கதையை அரை மணி நேரம் சொல்லுவாங்க, எந்த புக்குலயும் இல்லாத வார்த்தையெல்லாம் அதுல வரும்.

புக்குல வாற புது வார்த்தையும் வேணும்தான். 2015ல ஜெசிகா மான்டாக்னு ஒரு ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 100 படப்புத்தகத்தோட வரியையும் பெரியவங்க பிள்ளைங்க கிட்ட சாதாரணமா பேசுற பேச்சையும் ஒப்பிட்டாங்க, புக்குலதான் விதவிதமான வார்த்தை அதிகம். வீட்டு பேச்சு சாப்டு, குளி, செருப்பு போடு, மழை வருது உள்ள வான்னு அன்னன்னைக்கு நடக்கிறதுலயே சுத்தும், ஒட்டகமும் பாலைவனமும் புக்கு வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும்.

புக்கு எங்க கிடைக்கும்னு கேட்டா, நேஷனல் புக் டிரஸ்ட் விலை குறைவா போடுது, சென்னையில 1994ல ஆரம்பிச்ச தாரா, 1996ல ஆரம்பிச்ச தூலிகா ரெண்டும் அழகா போடுறாங்க, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்லயும் இலவசமா இறக்கி பிரிண்ட் போட்டுக்கலாம். எங்க ஊர் மழைக்கு காகிதம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், பிரிண்ட் போட்டா லேமினேசன் பண்ணிடுங்க.

கடைசியா எழுத்து. நாம வாசிக்கும்போ பிள்ளையும் எழுத்தை பார்க்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். கண்ணு எங்க போகுதுன்னு பதிவு பண்ற கருவி வச்சு கனடாவுல மேரி ஆன் இவான்ஸும் ஜான் செயின்ட் ஓபினும் 2005ல பார்த்தப்போ, நாலு வயசு பிள்ளைங்க கண்ணு ஏறக்குறைய முழு நேரமும் படத்துலதான் இருந்திருக்கு, எழுத்து பக்கம் திரும்பவே இல்லைன்னு சொல்லலாம். அதுல குறை ஒண்ணும் இல்ல, அந்த வயசுக்கு கதை இருக்கிறது படத்துலதான். நாலு வயசு தாண்டும்போ அப்பப்ப வரிக்கு அடியில விரலை ஓட்டினா, "இந்த எழுத்து உன் பேர்லயும் இருக்கு பாரு"ன்னு ஒரு தடவை நிறுத்தினா, கண்ணு கொஞ்சம் கொஞ்சமா அங்க போக பழகும்.

போன வாரம் அந்த பழைய ஆமை புக்கு மறுபடி வந்தது. அவளுக்கு இப்போ நாலரை வயசு. ‘சென்றது’ங்கிற வார்த்தைக்கு அடியில என் விரல் போகும்போ கையை பிடிச்சு நிறுத்தினா. "அத்தை, இந்த கொம்பு ஏன் முன்னாடி நிக்குது?" நான் சொன்னேன், வாயில ‘ச்’தான் முதல்ல வரும், ‘எ’ பின்னாடி வரும், ஆனா எழுதும்போ கொம்பை முன்னாடி போட்டுடுவோம். அவ ‘ச்… எ…’ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தா. அப்புறம் ஆமையை விட்டுட்டு, கடலை விட்டுட்டு, அந்த பக்கத்துல இருந்த வரியில எல்லாம் விரலை வச்சு கொம்பு தேட ஆரம்பிச்சா. ஏழு இருந்தது. பக்கத்தை திருப்ப விடல, இன்னும் இருக்கும்னு சொன்னா.