அக்கவுண்டை மூடச் சொல்லாதீங்க

சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து ஆன்லைன் வசவு என்று புகார் சொல்ல வருகிற பழங்குடிப் பெண்கள் பெரும்பாலும் கையில் ஆதாரமே இல்லாமல்தான் வருகிறார்கள், ஏனென்றால் அதற்குள் வீட்டில் அண்ணனோ மாமாவோ "எதுக்கு வம்பு, அழிச்சிட்டு அக்கவுண்டை மூடு" என்று சொல்லி எல்லாவற்றையும் அழிக்க வைத்திருப்பார்கள்.

நடப்பது இதுதான். காரில் மேலே வருகிற யாரோ ஒருவர், தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிற அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் படம் பிடித்து "காட்டுவாசிகளின் வாழ்க்கை" என்று போடுகிறார், லைக் அள்ளுகிறது. அந்த அக்காவின் மகள் அதே தோட்டத்தில் நின்று, "எங்க ஊருக்கு ரோடு இல்ல, பிரசவம்னா டோலி கட்டித்தான் தூக்கிட்டுப் போறோம்" என்று ரீல்ஸ் போட்டால் சாதியைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

பிரேசிலிலும் இதே கதைதான். 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் தொடக்கத்தில் பேசிய பழங்குடிப் பெண் சாய் சுருயியை அந்த நாட்டு அதிபரே குறை சொன்னார், அப்புறம் மிரட்டல்கள் குவிந்தன. அவர் பேச்சை நிறுத்தவில்லை. கனடாவில் 2012-ல் நீர்நிலைப் பாதுகாப்பைத் தளர்த்திய சி-45 மசோதாவை எதிர்த்து நான்கு பெண்கள், அதில் மூவர் பழங்குடியினர், சஸ்காச்சுவானில் தொடங்கிய 'ஐடில் நோ மோர்' ஃபேஸ்புக், ட்விட்டர் வழியாகச் சில வாரங்களில் நாடெங்கும் போராட்டமானது. அவர்களையும் யாராவது அக்கவுண்டை மூடச் சொல்லியிருப்பார்கள்!

சரி, சட்டத்துக்கு வருவோம். திட்டியவர் எஸ்சி, எஸ்டி அல்லாதவர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளைப் பார்க்க வேண்டும். எஸ்சி, எஸ்டி ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும் சாதியைச் சொல்லித் திட்டுவதும் குற்றம் என்கிற பிரிவுகள் அவை. பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று அதில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, "போன்ல திட்டினதுக்கெல்லாம் கேஸா?" என்பார்கள். பழங்குடிப் பெண் ஒருவரை யூடியூபில் இழிவுபடுத்திய வழக்கில், இணையத்தில் போட்டாலும் பொதுப் பார்வைதான், இழிவுபடுத்தப்பட்டவர் நேரில் இருந்திருக்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. அது நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம். முதலில் விசாரித்துவிட்டுத்தான் எஃப்ஐஆர் என்று ஸ்டேஷனில் சொன்னால் 18ஏ பிரிவைச் சொல்லுங்கள், முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அதிலேயே இருக்கிறது. (ஈரோடு பர்கூர் மலையில் இருக்கும் 'மலையாளி' என்ற மலைவாழ் மக்களுக்கு (கேரளக்காரர்கள் இல்லை) எஸ்டி பட்டியலில் இடம் இல்லாததால் இந்தச் சட்டமே உதவாது. அந்த அநியாயத்தைத் தனியாக எழுத வேண்டும்.)

ஆகவே எதையும் அழிக்காதீர்கள். திட்டின கமென்ட், போட்டவரின் பெயர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பதிவின் லிங்க்கையும் காப்பி பண்ணி வையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரின்ட் கோர்ட்டில் நிற்காது, பாரதிய சாட்சிய சட்டம் 63-ம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீல் ஃபீசுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணலாம்.